இளசு

எங்கள் வயலின் மேற்கு வரப்பில் ஒரு வேம்பு நின்றது. உச்சி சாய்ந்ததும் அதன் நிழல் வயலுக்குள் இறங்கும். அந்த மூலையில் மட்டும் நெல் எப்போதும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். உயரம் கூடுதல், தூர் குறைவு, பச்சை வெளிறியது. தொட்டால் மற்ற பயிரைப் போலக் கையை அறுக்காது, குழந்தையின் தலைமுடி போல வளைந்து கொடுக்கும். மார்கழிப் பனியில் நாலு நாள் மப்பும் மந்தாரமுமாக இருந்தால் அப்பா வேறெங்கும் பார்க்காமல் நேராக அந்த மூலைக்குத்தான் போவார். குனிந்து ஒரு இலையைக் கிள்ளி வருவார். இரண்டு முனையும் கூர்ந்து, நடுவில் சாம்பல் பூத்து, கண் மாதிரி ஒரு புள்ளி. குலை நோய். 1919இல் தஞ்சை டெல்டாவையே உலுக்கிய அதே நோய். "வெயில் படலை, அதான் சீக்குப் பிடிச்சிடுச்சு" என்பார். அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

வெயில் படாததற்கும் சீக்குப் பிடிப்பதற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று எனக்கு நெடுநாள் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியபோது இரண்டு பதில்கள் கையில் இருந்தன. ஒன்று ஈரம். நிழலில் பனி காய நேரமாகும். நனைந்த இலையில்தான் பூஞ்சணத்தின் வித்து முளைக்கும். இன்னொன்று பசி. வெயில் குறைந்தால் செடி சமைப்பது குறையும், இளைத்த உடம்பில் நோய் ஏறும். இரண்டும் உண்மை. ஆனால் இரண்டிலும் செடி சும்மா நிற்கிறது. அதற்கு ஏதோ நேர்கிறது, அவ்வளவுதான். மூன்றாவது பதில் ஒன்று உண்டு. அதில் செடி ஒரு காரியம் செய்கிறது. அதைப் படித்த பிறகுதான் அந்த மூலை நெல்லின் மென்மையை வேறு மாதிரி நினைத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

வேப்ப மரத்தடியில் விழுவது குறைந்த வெளிச்சம் மட்டும் இல்லை, மாறிய வெளிச்சம். இலையின் பச்சையம் சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும். சிவப்புக்கு அடுத்து, நம் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத எல்லையில் ஒரு நிறம் இருக்கிறது. தூரச் சிவப்பு என்பார்கள். இலைக்கு அதனால் பெரிய பயனில்லை. கீழே விட்டுவிடும், பக்கவாட்டில் தெறித்தும் விடும். திறந்த வெளியில் சிவப்பும் தூரச் சிவப்பும் கிட்டத்தட்டச் சமம். அடர்ந்த இலைகளுக்குக் கீழே சிவப்பு, தூரச் சிவப்பில் பத்தில் ஒரு பங்குவரை இறங்கிவிடும். நாம் நிழல் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். செடியோ சுவர் நிழலையும் மர நிழலையும் பிரித்தறிகிறது. சுவர் ஒளியைக் குறைக்கும், அவ்வளவுதான். மரம் குறைத்ததோடு, அங்கே இன்னொரு வாய் இருக்கிறது என்ற சேதியையும் அனுப்புகிறது.

இந்தச் சேதியைப் படிக்கும் பொருள் செடிக்குள் இருப்பது 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு நிலையத்தில் தெரியவந்தது. போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் ஆகியோரின் குழு லெட்யூஸ் கீரையின் விதைகளை எடுத்து, சிவப்பு ஒளியைக் காட்டியது, முளைத்தன. சிவப்பைக் காட்டி உடனே தூரச் சிவப்பையும் காட்டியது, பெரும்பாலானவை முளைக்கவில்லை. சிவப்பு, தூரச் சிவப்பு, மறுபடி சிவப்பு என்று மாற்றி மாற்றிக் காட்டினாலும் விதை கடைசியாகப் பார்த்ததையே கணக்கில் எடுத்தது. பின்னால் அந்தப் பொருளுக்கு பைட்டோகுரோம் என்று பெயர் வைத்தார்கள். மண்ணுக்குள் கிடக்கும் ஒரு கீரை விதை, தலைக்கு மேலே இலை இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு எழுந்திருக்கிறது.

அடுத்த அடி அர்ஜென்டினாவில். கார்லோஸ் பாயாரேயும் கூட்டாளிகளும் 1990இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்த ஒன்று, முக்கியமாக அதன் எளிமைக்காக. இளஞ்செடிகள் தள்ளித்தள்ளி நிற்கின்றன. ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் இன்னும் விழவில்லை. ஆனாலும் அவை நெட்டையாக வளரத் தொடங்கிவிடுகின்றன. பக்கத்துச் செடியின் இலையில் பட்டுத் தெறிக்கும் தூரச் சிவப்பு, தண்டின் மேல் விழுகிறது. நாளைக்கு நிழல் வரும் என்பது இன்றைக்கே தெரிந்துவிடுகிறது. இதை உறுதிசெய்ய அவர்கள் தண்டைச் சுற்றி மயில்துத்தக் கரைசல் நிரப்பிய கண்ணாடிக் காப்பு ஒன்றை மாட்டினார்கள். மயில்துத்தத்தின் நீலம் தூரச் சிவப்பை விழுங்கிவிடும். காப்பு போட்ட செடிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் இருப்பதே தெரியவில்லை, நெட்டையாகவில்லை. நம் ஊரில் மயில்துத்தம் என்றால் சுண்ணாம்போடு கலந்து போர்டோ கலவையாக்கிச் செடியின் நோய்க்கு அடிப்பது. அங்கே அதே மருந்து செடியின் கண்ணுக்குக் கட்டுப் போட்டது.

நெட்டையாவது சரி. நோய்க்கும் அதற்கும் என்ன? அதே பாயாரேயின் குழு 2012இல் காட்டியது இதுதான். அராபிடாப்சிஸ் என்று கடுகுக் குடும்பத்தில் ஒரு சிறு களை, தாவர ஆய்வகங்களின் வெள்ளெலி. அதற்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் ஒரு துளியும் குறைக்காமல், தூரச் சிவப்பை மட்டும் கூட்டினார்கள். சாப்பாட்டில் கை வைக்கவில்லை, அக்கம்பக்கத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது என்ற பொய்யை மட்டும் சொன்னார்கள். பிறகு சாம்பல் நிறப் பூஞ்சணமான பொட்ரைட்டிஸை இலையில் வைத்தார்கள். பொய்யை நம்பிய செடிகளில் புண் பெரிதாகப் பரவியது. ஈரம் அதேதான், உணவும் குறையவில்லை. செடி தன் காவலைத் தானே தளர்த்திக்கொண்டது.

செடி முடிவெடுத்தது, நம்பியது என்றெல்லாம் எழுதுகிறேன். தாவரவியல் படித்த நண்பர் ஒருவருக்கு இந்த நடை ஆகாது. புரதங்கள் முடிவெடுப்பதில்லை என்பார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பசியால் தளர்வதையும், பசி வருவதற்கு முன்பே கணக்குப் பார்த்துச் செலவைக் குறைப்பதையும் பிரித்துச் சொல்ல எனக்கு வேறு வினைச்சொல் அகப்படவில்லை. வீட்டில் பணம் தீர்ந்துபோய் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்காமல் இருப்பது ஒன்று. மாடி எழுப்ப வேண்டும் என்று தாழ்ப்பாள் காசை எடுத்துச் செங்கலில் போடுவது இன்னொன்று. மூலை நெல் இரண்டாவது வகை. அது உயரத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

தாழ்ப்பாள் எது என்றும் ஓரளவு தெரிந்திருக்கிறது. செடியின் காவலை இரண்டு பெரிய சேதிப்பொருள்கள் நடத்துகின்றன. ஒன்று சாலிசிலிக் அமிலம், ஆஸ்பிரினின் தாய்ப்பொருள். 1979இல் ரேமண்ட் ஒயிட் என்பவர் புகையிலைச் செடிக்கு ஆஸ்பிரின் கொடுத்தபோது அதன் தேமல் வைரஸ் நோய் மட்டுப்பட்டது. மற்றொன்று ஜாஸ்மோனிக் அமிலம். பேரைப் பார்த்தாலே ஊர் தெரிந்துவிடும். அதன் வாசனை உருவத்தை 1962இல் ஜாதிமல்லி எண்ணெயிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். தலையில் சூடிய பூவில் மணப்பது, இலையில் காவல் வேலை பார்க்கிறது. மென்று தின்னும் புழுவுக்கும் திசுவைக் கொன்று தின்னும் பூஞ்சணத்துக்கும் எதிராக முதலில் எழுவது இதுதான். தூரச் சிவப்பு கூடும்போது ஜாஸ்மோனிக் அமிலத்தின் குரலை அமுக்கும் ஜாஸ் என்ற புரத வகையில் ஒன்று அழியாமல் தங்கிவிடுகிறது. மணி அடிக்கிறது, காதில் பஞ்சு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் 2013இல் சாலிசிலிக் அமிலத்தின் கதியும் இதுதான் என்று காட்டினார்கள்.

இந்த இரண்டு பொருளும் உருவாகத் தொடங்குவது ஒரே இடத்தில்: பசுங்கணிகம். வெயிலைப் பிடித்துச் சர்க்கரை சமைக்கும் அதே அடுப்பு. அடுப்பங்கரையிலேயே ஆயுதச் சாலையும் இருக்கிறது என்பதை முதலில் படித்தபோது ஏனோ சிரிப்பு வந்தது. நம் வீடுகளிலும் அரிவாள்மணை அங்கேதானே இருக்கிறது.

முடிவு என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இன்னொரு சாட்சி உண்டு. 2016இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரெக் ஹோவின் குழு, அராபிடாப்சிஸில் ஜாஸ் புரதங்கள் சிலவற்றையும் சிவப்பைப் பார்க்கும் முக்கியமான பைட்டோகுரோமையும் ஒருங்கே நீக்கியது. அந்தச் செடி வளரவும் செய்தது, காக்கவும் செய்தது. அப்படியானால் கையிருப்பு இரண்டுக்கும் போதும். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்க வேண்டும் என்பது உள்ளே எழுதப்பட்ட சட்டம், கஜானா காலியானதால் வந்த நிலைமை அன்று. ஆனால் இதே குழு இரண்டு வருடம் கழித்து, பதின்மூன்று ஜாஸ் புரதங்களில் பத்தை நீக்கிப் பார்த்தது. காவல் எக்கச்சக்கமாக ஏறியது. செடி கரிச்சத்துக்குப் பரிதவித்தது, விதை குறைந்துபோனது. கஜானாவுக்கும் அடி உண்டு போலிருக்கிறது. எந்த இடத்தில் சட்டம் முடிந்து வறுமை தொடங்குகிறது என்பதுதான் இதில் சுவையான கேள்வி.

நெல்லுக்கு நண்டு ஓடும் இடைவெளி, கரும்புக்கு நரி, வாழைக்கு வண்டி, தென்னைக்குத் தேர் என்று ஊரில் அளவு சொல்வார்கள். இதை எடுத்துக்கொண்டு, பைட்டோகுரோமை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள் என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம். யாராவது எழுதியும் இருப்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. நண்டையும் நரியையும் சொன்னவர்கள் விளைச்சலைப் பார்த்துச் சொன்னார்கள். காற்று, ஈரம், கால் வைக்க இடம், தூர் வெடிக்க இடம் எல்லாம் அந்த நண்டுக்குள் அடக்கம். புகையானுக்குப் பயந்து எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடச் சொல்லும் வேளாண்துறையும் பெரும்பாலும் அந்த வழியில்தான் பேசுகிறது. நான் சொல்ல வருவது வேறு. அந்த இடைவெளியில் நண்டு மட்டும் ஓடவில்லை, ஒரு சேதியும் ஓடுகிறது. நெருக்கி நட்ட வயலில் ஒவ்வொரு பயிரும் மற்றதைப் பார்த்துத் தாழ்ப்பாளை விற்றுக்கொண்டிருக்கிறது. பசி பிறகுதான் வரும்.

வெளிச்சத்தை இரவிலும் படிக்கிறது செடி, நேற்றைய வெளிச்சத்தை வைத்து. அடிச்சாம்பல் நோயின் பூஞ்சணம் போன்ற ஓர் உயிர் இரவில் வித்துக்களை உண்டாக்கி, விடியலில் உதிர்க்கும். அராபிடாப்சிஸ் விடிவதற்கு முன்பே அதற்கு எதிரான மரபணுக்களை உசுப்பிவிட்டுக் காத்திருக்கிறது. செடிக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதன் ஒரு முக்கியச் சக்கரத்தைக் கழற்றிவிட்டால் நோய் கூடுகிறது. இதை டியூக் பல்கலைக்கழகத்தின் சின்னியன் டோங்கின் குழு 2011இல் காட்டியது. எதிராளியும் சும்மா இல்லை. பொட்ரைட்டிஸுக்கும் ஒரு கடிகாரம் உண்டு, அந்தி நேரத்தில்தான் அதன் மூர்க்கம் அதிகம் என்று 2015இல் சிலியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. காவல்காரர் அசரும் நேரம் திருடனுக்குத் தெரியும் என்பதை நாம் கதைகளில் கேட்டிருக்கிறோம். இங்கே இருவரும் ஒரே சூரியனைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறார்கள்.

எதிராளிக்கு வெளிச்சம் என்ன செய்கிறது என்பதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 1948இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ஆல்பர்ட் கெல்னர், ஸ்டிரெப்டோமைசின் மருந்தைத் தரும் நுண்ணுயிரின் வித்துக்களைப் புற ஊதாக் கதிரால் கொன்றுகொண்டிருந்தார். சாக வேண்டிய கணக்கில் சாகவில்லை. ஒரு நாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி. வெப்பத்தைச் சந்தேகித்தார். கடைசியில் பிடிபட்டது அறையின் சாதாரண வெளிச்சம். புற ஊதாவில் பழுதான மரபுப்பொருளை, நீல வெளிச்சத்தைக் கைவிளக்காகப் பிடித்துக்கொண்டு தைத்துவிடும் ஒரு நொதி அந்த உயிருக்குள் இருந்தது. இந்த நொதியின் குடும்பத்திலிருந்து பிரிந்து வந்ததுதான் செடி நீலத்தைப் பார்க்கும் கிரிப்டோகுரோம். தையற்காரர் மரபில் கண் பிறந்திருக்கிறது.

இதிலிருந்து நார்வேக்காரர்களும் அமெரிக்கர்களும் ஒரு வைத்தியம் செய்தார்கள். ரோஜாவிலும் ஸ்ட்ராபெரியிலும் வரும் சாம்பல் நோய்க்குப் புற ஊதாவை இரவில் கொஞ்ச நேரம் காட்டுவது. பூஞ்சணத்துக்குள்ளும் அந்தத் தையல் நொதி உண்டு, பகலில் காட்டினால் தைத்துக்கொண்டுவிடும். இருட்டில் ஊசி கோக்க முடியாது. நார்வேயின் ரோஜா ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் சுதாபரன். அந்தப் பெயரில் நம் கண் ஒரு கணம் நின்றுதான் போகும். இப்போது ஸ்ட்ராபெரித் தோட்டங்களில் இரவெல்லாம் விளக்கைத் தூக்கிக்கொண்டு தானியங்கி வண்டிகள் போய்வருகின்றன. நம் ஊர்க் கதைகளில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்லப்பட்டது வரப்பில் போனால் இப்படித்தான் இருந்திருக்கும்.

இனி, இந்தக் காவல் நம் நாக்குக்கு எப்படித் தெரிகிறது என்பதற்கு, துவர்ப்புக்கு வருகிறேன்.

வெயிலின் புற ஊதாப் பகுதியைப் பார்க்கச் செடிக்குத் தனிக் கண் உண்டு, 2011இல் உறுதியானது. அது விழித்தால் இலை தன் மேற்பரப்பில் சில பொருள்களைச் சேர்க்கும். அவை வெயிலுக்குக் குடை, பூஞ்சணத்துக்குக் கசப்பு. நம் நாக்குக்குத் துவர்ப்பாகவும் காரமாகவும் வருவதில் பெரும்பகுதி இந்த வகையறாதான். தேயிலையின் கேட்டகின்கள் அப்படி. ஜப்பானில் கியோகுரோ தேயிலைக்குப் பறிப்பதற்கு முன் ஏறத்தாழ மூன்று வாரம் பந்தல் போட்டு மூடுவார்கள். துவர்ப்பு இறங்கும், இனிப்பு தங்கும். அந்தத் தேநீர் விலை உயர்ந்தது. நாம் காசு கொடுத்து வாங்குவது ஆயுதம் களைந்த இலையை.

கொப்புள நோய் தென்னிந்தியத் தேயிலையிலும் இலங்கைத் தேயிலையிலும் ஒரே ஆண்டில், 1946இல் வந்தது. அசாமில் 1868லேயே பார்த்திருந்தார்கள். தெற்கே வர ஏறத்தாழ எண்பது வருடம் பிடித்தது. இலையின் ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் வெள்ளை வெல்வெட்டாக உப்பும். இந்தப் பூஞ்சணம் முற்றிய இலையைத் தொடாது. கொழுந்துதான் வேண்டும். நாம் பறிப்பதும் கொழுந்துதான். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று கூடைக்காரப் பெண்களின் விரல் தேடுவதையே அதுவும் தேடுகிறது. வெயில் ஏறினால் அதன் வித்து தாங்காது. தொடர்ந்து மேகம் மூடினால் தோட்டம் முழுக்கப் பரவும். அதனால் மழைக்கு முன்பே சில்வர் ஓக் மரங்களின் கிளைகளைக் கழித்து வெளிச்சம் இறக்குவார்கள். அதோடு செம்பு மருந்து, மயில்துத்தத்தின் சொந்தக்காரன். ஆனால் நிழலை ஒரேயடியாக எடுத்துவிடவும் முடியாது. கோடையில் அதே கொழுந்து கருகும்.

இதைவிடத் துல்லியமாக ஒருவர் எனக்குச் சொன்னது கொடிக்காலில். கரூருக்கு மேற்கே, வேலாயுதம்பாளையம் பக்கம், காவிரித் தண்ணீர் பாயும் வெற்றிலைத் தோட்டம். முதலில் அகத்தியை விதைத்து, அது எழுந்த பிறகு அதன் காலடியில் கொடியை ஊன்றுவார்கள். உள்ளே நுழைந்தால் பகல் பச்சைத் தண்ணீருக்குள் இருப்பது போல இருக்கும். பெரியவர் அகத்தியின் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார். ஐப்பசி மழைக்கு முன்பு செய்யும் வேலை. கழித்தது ஆட்டுக்கு.

"அகத்தியே இல்லாம வெயில்ல விட்டா என்னங்க ஆகும்?" என்றேன்.

"எலை தடிச்சுப் போயிரும் தம்பி. நரம்போடிரும், காரம் ஏறிரும். அத எவன் வாங்குவான்?"

"நெழலு முழுசா இருந்தா?"

"எலை பட்டாட்டம் வரும். ஆனா மழைக்கு நிக்காதுங்க. வாடல் வந்து ஒரே வாரத்துல கொடிக்காலே சாஞ்சிரும்."

வாடல் நோய் வேரடி ஈரத்தில் வருவது, அதை வெளிச்சத்தின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. அவருக்கு அது தெரியும். வாய்க்காலை ஆழமாக வெட்டி வைத்திருந்தார், சுண்ணாம்பும் மயில்துத்தமும் கலக்க ஒரு பிளாஸ்டிக் பீப்பாய் ஓரமாக இருந்தது. இருந்தாலும் அவர் கையிலிருந்த அரிவாள் என்ன செய்துகொண்டிருந்தது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கிளையை வெட்டுவார், நிமிர்ந்து பார்ப்பார், தரையில் விழும் வெயில் வட்டத்தைப் பார்ப்பார், அடுத்த கிளையை விட்டுவிடுவார். பட்டு போலவும் இருக்க வேண்டும், ஐப்பசியில் நிற்கவும் வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு வெயில் என்பதைக் கழுத்தால் அளந்தார்.

கிளம்பும்போது ஒரு கவுளி கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பஸ்ஸில் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டேன். கடிக்கவே வேண்டியிருக்கவில்லை, கரைந்தது. கொஞ்ச நேரம் கழித்து, நாக்கின் ஓரத்தில் மட்டும், மெல்லியதாகக் காரம் வந்தது.